ஒன்பதாவது வில்லை

ஒன்பதாவது வில்லையை அறுக்கையில் கத்தி எதிலோ இடறியது. ஏரிச் சேற்றில் கல் இருக்கக் கூடாதென்று சட்டமா என்ன என்று ஜெபசீலன் தன்னையே அதட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை. தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு லீவு, கரண்ட் ஆடாது, கதிர்வீச்சை எண்ணும் கருவியை அன்றுதான் நம்பலாம். அணுகுண்டுச் சோதனைகளின் தூசி உலகமெல்லாம் மழையோடு இறங்கி ஏரிகளின் அடியில் படிந்திருந்தது. அறுபத்து மூன்றாம் ஆண்டில் அது உச்சம். குழாயில் எடுத்த சேற்றை அடியிலிருந்து வில்லை வில்லையாக அறுத்து எண்ணியபோது, மேலிருந்து இருபத்தொன்றாவதில் கருவி வெறி பிடித்துக் கடகடத்தது. இப்போது எண்பத்து மூன்று. ஆக, வில்லைக்கு ஓர் ஆண்டு.

பத்தாவது வில்லை எழுபத்து நான்கு. அந்த ஆண்டுதான் அவருடைய ஐந்து வயது மகள் இன்பம், இப்போது குழாய் இறக்கிய அதே இடத்தில் ஏரிக்குள் போனாள். உடல் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் வைக்க ஓர் எலும்பாவது வேண்டும். ஏரி மாசு ஆராய்ச்சியெல்லாம் ஊருக்குச் சொன்ன பேச்சு.

பத்தாவதில் ஒன்றுமில்லை. ஒன்பதாவதில், அவள் போன மறு ஆண்டில், சுண்டைக்காய் அளவுக்குக் களிமண் உருண்டை. உள்ளே ஒரு பால்பல்.

சோறு கொண்டுவந்த மனைவி ஞானசுந்தரி அதைக் கையில் வாங்கினாள்.

"இன்னாங்க, இது இன்பத்தோடதுதான?"

"சேறு சரிஞ்சி மேல வந்திருக்கும், ஞானம்."

"அப்போ உருட்டுனது யாரு? பல்லு விழுந்தா சாணில உருட்டி கூரை மேல எறியணும்னு நான்தான் அவளுக்குச் சொல்லிக் குடுத்தேன்." உருண்டையை விரலால் தடவினாள். "சாணி கெடைக்கல போல, புள்ளைக்கு."

எட்டாவதில் இரண்டு. ஏழாவதில் ஒன்று. நான்காவதில் கடைவாய்ப் பல். அந்தந்த வயதில் விழ வேண்டியவை. இந்த ஆண்டின் வில்லையில் பல் இல்லை. அடியிலிருந்து மேலே குத்திய இரண்டு விரல்களின் குழி.

பெற்ற மனம் பித்து. வெயில் தாழுமுன் இருவரும் ஏரிக்கரையில் நின்றார்கள். கோடையில் முழங்காலளவுத் தண்ணீர். அழுகிய தோல் நாற்றம். குழாய் இறக்கிய துளை மூடாமல் இருந்தது. ஜெபசீலன் தண்ணீரில் இறங்கிக் குனிந்து தோள்வரை கையை விட்டார்.

குளிர். இன்னும் குளிர். பிறகு வெதுவெதுப்பு.

விரல்கள். குழந்தை விரல்கள் அல்ல. பதினான்கு வயதுப் பெண்ணின் விரல்கள்.

"இருக்காளா?" கரையிலிருந்து ஞானசுந்தரி கத்தினாள்.

"இருக்கா!"

இழுத்தார். வரவில்லை. இன்னொரு கை அவர் முழங்கையைப் பற்றியது. மூன்றாவதாக ஒன்று. நான்காவது. தாடை தண்ணீரைத் தொட்டது.

"கிட்ட வராத" என்று சொல்ல வாயைத் திறந்தார். சேறு உள்ளே போனது.

"வுட்ராதீங்க!" ஞானசுந்தரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒன்பது வருடம் காணாத சிரிப்போடு, இரண்டு கைகளையும் நீட்டியபடி தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.