பக்கத்துத் தொட்டி

மணிமேகலையின் வீட்டில் காலை வேளையில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. "இட்லி போதுமா" என்று கேட்க வேண்டிய இடத்தில் "சட்டியில இன்னும் ரெண்டு இருக்குது" என்பாள். "தலை சீவியாச்சா" என்பதற்குப் பதிலாகச் சீப்பை எடுத்து மகள் ஆதிரையின் முன்னால் வைத்துவிடுவாள். கணவன் நவநீதன் இதில் இன்னும் கெட்டிக்காரன். சாவியைத் தேடும்போதுகூட "சாவி எங்கே" என்று வாய் தவறி வந்துவிடாது. "சாவியைக் காணோம்" என்று கூடத்தைப் பார்த்துப் பொதுவாக அறிவிப்பான்.

இட்லியைப் பற்றிக் கேட்பதில் சட்டப்படி ஒன்றுமில்லை. ஆனால் "போதுமா" என்று கேட்டதை இயந்திரம் "இந்தப் பிள்ளை ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறது" என்று எடுத்துக்கொண்டால் யார் போய் மல்லுக்கு நிற்பது? அதனால் பீளமேட்டின் அந்த அடுக்ககம் முழுவதிலும், ஏன், கோவை முழுவதிலுமே, பிள்ளை பெற்றவர்கள் கேள்வி இல்லாத தமிழைப் பழகிக்கொண்டார்கள்.

கூடத்துச் சுவரில் உள்ளங்கை அகலத்தில் இருக்கும் வீட்டுச்செவிதான் காரணம். பெற்றோர் குழந்தையைப் பற்றிக் கவலையோடு ஒரு கேள்வி கேட்டால் அதில் மஞ்சள் விளக்கு எரியும். கேள்வி நேரே குழந்தையின் வளர்தடம் என்னும் பதிவேட்டில் போய்ச் சேரும். கைப்பேசிக்கும் அதே காதுதான். புலம்பல்கூட அதற்குக் கேள்வியாகத்தான் கேட்கும். சிக்கலுள்ள குழந்தைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்து உதவுவதற்காக நல்லெண்ணத்தில் கொண்டுவந்த ஏற்பாடு என்று சொன்னார்கள். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எட்டு வயதில் தடத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கும்போது, கேள்வி அதிகம் சேர்ந்த குழந்தைகள் மலையடிவாரத்திலுள்ள கவனப்பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கேயே தங்க வேண்டும். பெற்றோர் ஆண்டுக்கு இரண்டு முறை போய்ப் பார்க்கலாம்.

ஆதிரைக்கு ஏழு முடிந்துவிட்டது. ஆதிரை கடிப்பாள்.

எப்போது கடிப்பாள், எதற்குக் கடிப்பாள் என்று ஒரு கணக்கும் பிடிபடவில்லை. கல்யாண மண்டபத்தில் ஒருமுறை, லிஃப்டில் ஒருமுறை, பள்ளியில், ஆசிரியர் பார்க்காதபோது, இரண்டு மூன்று தடவை. மணிமேகலை நூலகத்துக்குப் போய் அச்சிட்ட பழைய குழந்தை மருத்துவப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தாள். பல் முளைக்கும் பருவத்தோடு அவை நின்றுவிட்டன. மருத்துவரிடம் போவதும் கேள்வி கேட்பதும் ஒன்றுதான்.

அலுவலகத்தில் அடுத்த இருக்கையில் இருந்த மங்கைதான் ஒரு நாள், மணிமேகலையின் கையிலிருந்த பல் தடத்தைப் பார்த்துவிட்டு, "மாடித்தோட்ட வட்டம்னு ஒண்ணு இருக்குதுங்க, வந்து பாருங்க" என்றாள். மணிமேகலை தனக்குத் தோட்டத்தில் ஆர்வமில்லை என்றாள். "ஆருக்குமே இல்லீங்க" என்றாள் மங்கை.

வட்டத்தில் செடி என்றால் குழந்தை. தொட்டி என்றால் வீடு. முள் குத்துகிறது என்றால் அடிக்கிறது, கடிக்கிறது. இலை சுருண்டுவிட்டது என்றால் பேச்சு நின்றுவிட்டது. பூச்சி என்றால் செடியைக் கெடுக்கிற சேர்க்கை. எந்த இயந்திரமும் கத்தரிச்செடியைப் பற்றிக் கேட்டதற்காக விளக்கைப் போடாது. முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த மொட்டை மாடியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு பெண் "எங்க செடி ராத்திரியெல்லாம் தூங்கறதில்லீங்க" என்று சொன்னதைக் கேட்டதும் மணிமேகலைக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. தான் மட்டும் இல்லை என்பதே பெரிய மருந்தாக இருந்தது.

அன்றே வட்டத்தின் கைப்பேசிக் குழுவில் எழுதினாள்: "எங்கள் செடி நன்றாகத்தான் வளர்கிறது. ஆனால் திடீர் திடீரென்று முள் குத்துகிறது. பூச்சியாக இருக்குமோ?"

திருமூர்த்தி என்பவரிடமிருந்து உடனே பதில் வந்தது. "பூச்சியேதான், சந்தேகமே வேண்டாம். பக்கத்துத் தொட்டியிலிருந்துதான் ஏறும். பார்க்க நல்ல செடி மாதிரிதான் இருக்கும். தயவு தாட்சண்யம் பார்க்காமல் உடனே பிரித்துவிடுங்கள். நான் அப்படித்தான் காப்பாற்றினேன்."

மணிமேகலை அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பக்கத்து வீட்டு நித்திலா. ஆதிரையின் ஒரே சிநேகிதி. பள்ளியில் ஒரே பெஞ்சு. கல்யாண மண்டபத்திலும் இருந்தாள், லிஃப்டிலும் இருந்தாள். இவ்வளவு நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போயிற்று என்று மணிமேகலைக்குத் தன்மீதே கோபம் வந்தது. யாரோ ஒருவர் தன் பிள்ளையை இப்படித்தான் காப்பாற்றியிருக்கிறார். நவநீதன் மட்டும் தயங்கினான். அந்தப் பெண் சாது என்றான். பார்க்க நல்ல செடி மாதிரிதான் இருக்கும் என்று இவள் சொன்னாள்.

பெஞ்சை மாற்ற வேண்டுமானால் பள்ளியில் விலக்கு மனு கொடுக்க வேண்டும். அது கேள்வி அல்ல, புகார். அதனால் ஆதிரையின் தடத்தில் ஏறாது. நித்திலாவின் தடத்தில் ஏறும் என்பது மணிமேகலைக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஒரு புகார்தானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள். கடித்தது யார் என்ற இடத்தில் நித்திலாவின் பெயரை எழுதினாள்.

நித்திலாவுக்கு எட்டு வயது நிறைந்த வாரம், அந்த ஒரு புகாரின் பேரிலேயே, அவளைக் கவனப்பள்ளிக்கு அழைத்துப் போனார்கள். அதன் பிறகு ஆதிரை யாரையும் கடிக்கவில்லை. தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள். பேச்சும் குறைந்துபோயிற்று. ஆதிரையிடம் நல்ல முன்னேற்றம் என்று அவள் பள்ளியிலிருந்து செய்தி வந்தது.

அடுத்த கூட்டத்தில் திருமூர்த்தியை முதன்முதலாக நேரில் பார்த்தாள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சிமெண்ட் தொட்டி. அதில் ஒரு ரோஜாச் செடி, இலை தெரியாமல் பூத்திருந்தது.

"இதுதானுங் அம்மிணி நான் சொன்னது" என்றார் பெருமையாக. "மாவுப்பூச்சி அப்பிக் கெடந்துச்சு. பக்கத்துல இருந்த செம்பருத்தியத் தூக்கிக் குப்பையில போட்டேன் பாருங்க, அப்பறந்தான் தெளிஞ்சுது. உங்க செடி எப்புடி இருக்குது?"

மணிமேகலை ரோஜாவைப் பார்த்தாள். மங்கையைப் பார்த்தாள். மங்கையின் முகம் வெளுத்துவிட்டது. வட்டம் உண்மையான வட்டமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நிஜமாகவே செடி வளர்ப்பவர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துவைத்திருந்தார்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. புதிதாக வருபவர்களிடம் அவர்கள் யார் யார் என்று சொல்லிவிடுவது மங்கையின் வேலை. மணிமேகலையிடம் சொல்ல மறந்திருந்தாள்.

அன்றைக்கு என்று புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். நித்திலாவின் அம்மா கௌசல்யா. கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. யாரோ அவளுக்கும் வட்டத்தின் பேச்சைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பழக்கமில்லாமல், ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிப் பேசினாள்.

"எங்க செடியப் புடுங்கிட்டுப் போயிட்டாங்க. அது ஒரு முள்ளு இல்லாத செடிங்க. பக்கத்துச் செடிக்குச் சத்தம் ஆகாது. கூட்டத்துல மேளம் கீளம் அடிச்சாப் போதும், நடுங்கிப் போயிரும். எங்களுதுதான் போயி நெழலா நின்னுக்கும். ஆரு அதப் போயி பூச்சின்னு சொன்னாங்கன்னு தெரியல."

கல்யாண மண்டபம். லிஃப்டின் அபாய மணி. பள்ளியின் காலைப் பாட்டு. ஒவ்வொரு முறையும் நித்திலா அங்கே இருந்தது உண்மைதான். எதற்காக இருந்தாள் என்பதை மட்டும் இவள் யோசிக்கவே இல்லை.

"பூச்சி உங்க தொட்டியில இல்லீங்க" என்றாள். "எங்க தொட்டியப் பத்தி வெளிய தெரிஞ்சுரும்னு நாந்தான் அப்படிச் சொன்னேன்."

கௌசல்யா கத்தவில்லை. சுற்றியிருந்தவர்கள் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"உங்க செடி இன்னும் உங்க தொட்டியிலதான இருக்குது" என்றாள் கௌசல்யா.

திருமூர்த்தி, செடி போனால் போகட்டும், தான் வேறு கன்று தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

படியில் இறங்கும்போது மங்கை விஷயத்தைச் சொன்னாள். விலக்கு மனுவைத் தள்ளுபடி செய்ய ஒரே வழிதான் உண்டு. புகார் கொடுத்தவர் அதே குற்றத்தைப் பற்றித் தன் பிள்ளையிடமோ பிள்ளையைப் பற்றியோ கேள்வி கேட்டது பதிவாக வேண்டும். பதிவானால் நித்திலாவைத் திருப்பி அனுப்புவார்கள். பிறகு ஆதிரைக்கு எட்டு வயதாகும்போது என்ன ஆகும் என்று மங்கை சொல்லவில்லை. யோசித்துச் செய்யுங்கள் என்றாள்.

வீட்டில் ஆதிரை கூடத்தில் தனியாக உட்கார்ந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். மணிக்கட்டில் சிவப்பாக வரி வரியாகத் தெரிந்தது. மணிமேகலை அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் புத்தகத்தைக் கேட்டாயிற்று, வட்டத்தைக் கேட்டாயிற்று, ரோஜா வளர்க்கும் மனிதரைக்கூடக் கேட்டாயிற்று. இவளை மட்டும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"ஏன் சாமி கடிக்கறே?"

ஆதிரை அம்மாவைப் பார்க்கவில்லை. முதலில் சுவரைத்தான் பார்த்தாள். மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கியிருந்தது. பென்சிலைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்து, சின்னக் கையால் அம்மாவின் வாயை இறுகப் பொத்தினாள்.

"கேக்காதம்மா" என்றாள் காதோடு. "லைட்டு எரிஞ்சா என்னையக் கூட்டிட்டுப் போயிருவாங்கம்மா. கேக்காத."

மணிமேகலை அந்தக் கையைப் பிடித்து மெல்ல விலக்கினாள். குழந்தையை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டாள். சுவரிலிருப்பதற்கும் நன்றாகக் கேட்கும்படி மறுபடியும் கேட்டாள்.