சிட்டுக்குப் பின்னால் ஒரு திட்டு

படத்தில் சிட்டு ஒழுங்காகத்தான் விழுந்திருந்தது. பின்னால் அந்தப் பழுப்புத் திட்டு எங்கிருந்து வந்தது? அங்கே மரமும் கிடையாது, தூணும் கிடையாது. வெறும் புல்தரை, கடைசியில் வேலி.

சிட்டு உட்கார்ந்திருந்தது, ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் டிரைவர் தானே நட்டு வைத்த குச்சியில். பஸ் ஓட்டி ஓய்ந்த மனுஷனுக்குச் சிட்டைப் படம் எடுப்பது ஒன்றுதான் வேலை. காலை ஏழு மணிக்குப் புல்லின் பனி வாசனை எழும்ப, சாய்வெயில் குச்சியைத் தொடும் நேரம் சிட்டு வந்து உட்கார்ந்து தொண்டை துடிக்கப் பாடும். ஃபிளாஷ் போட மாட்டார். அது திருட்டு வெளிச்சமாம். லென்ஸைக் குச்சிக்கென்று திருகி வைத்தால் அந்தத் தூரம் மட்டும் துல்லியம். அதற்கு அப்பாலும் கலங்கும், இப்பாலும் கலங்கும். எடுத்ததைக் கட்டிலில் கிடக்கும் மனைவிக்குக் காட்டுவார். வாதத்தில் அவளுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாய் மட்டும் குறையவில்லை.

"பின்னால யாருங்க அது? உங்க சின்ன வீடா?"

"போடி. லென்ஸ்ல அழுக்கு."

துடைத்தார். மறுநாள் திட்டு பெரிதாகியிருந்தது. மூன்றாம் நாள் அதற்குத் தோள் இருந்தது. வெறுங்கண்ணுக்குப் புல்தரை காலி. எடுக்காமல் விட்டுவிடலாம்தான். விட்டால் அது எங்கே நிற்கிறது என்று யார் சொல்வது?

ஐந்தாம் நாள் அது குச்சியை ஒட்டி நின்றது. சிட்டின் இறகைப் போலவே துல்லியம். ஈரச் சாக்கு போல மடிப்பு மடிப்பாகத் தோல். முகம் இருக்க வேண்டிய இடத்திலும் மடிப்புதான். சிட்டு தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

மகனுக்குப் போன் போட்டார்.

"அம்மாவ இங்கேருந்து தூக்கிட்டுப் போடா. இன்னிக்கே."

"என்னப்பா திடீர்னு? ஞாயித்துக்கிழமை வர்றேன்."

இவர் ஒருவரால் அவளைத் தூக்க முடியாது.

ஆறாம் நாள் அது மறுபடி கலங்கலாகியிருந்தது. திரும்பிப் போய்விட்டது என்று மூச்சு விட்டார். அப்புறம்தான் பார்த்தார். திட்டு சிட்டின் பாதியை மறைத்திருந்தது.

இப்பால் வந்துவிட்டது.

ஜன்னலைச் சாத்தினார். தாழ் போட்டார். கண்ணாடி வழியாக ஒன்று எடுத்தார். படம் முழுக்க இருட்டு. வெளியே வெயில். சிட்டின் பாட்டு.

இன்னொன்று எடுத்தார். குச்சி, சிட்டு, புல்தரை. திட்டு இல்லை.

எங்கே போயிற்று?

அறைக்குள் ஈரச் சாக்கு நாற்றம்.

"என்னங்க," என்றாள் அவள், பின்னாலிருந்து, அரைத்தூக்கத்தில். "என் நெத்தியில கைய வச்சு என்ன பாக்குறீங்க? காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்ல."

அவருடைய இரண்டு கையும் கேமராவில் இருந்தன.

திரும்பினார். கட்டிலில் அவள் மட்டும். முகத்தில் வெயில். அவள் முகத்துக்கு லென்ஸைத் திருகினார். அமுக்கினார்.

படத்தில் அவள் இமைமயிர் ஒவ்வொன்றும் துல்லியம். அதே துல்லியத்தில், நெற்றியைப் பிடித்திருந்த நீளமான பழுப்பு விரல்கள். இரண்டு விரல்கள் கீழே இறங்கி, ஒரு கண்ணை ஏற்கெனவே மூடியிருந்தன.

அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.