பெரியவர் இன்னும் சாகவில்லை

பால்வண்டிக்காரர் வாயைத் திறந்திருக்காவிட்டால் அக்காவுக்கு விஷயமே தெரிந்திருக்காது. மலைமேல் இருக்கும் துறவிகள் மடத்துக்குத் தினமும் பால் இறக்குகிறவர் அவர். மருத்துவமனைச் சலவைப் பிரிவின் பின்வாசலில் அவளைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டினார்.

“உங்க தம்பி மூஞ்சி ஒரு பக்கம் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கெடக்கும்மா. கேட்டா பல்லுங்கறான். பல்லுக்கு இவ்வளவு வீங்குமா?”

வீங்கும். அக்காவுக்குத் தெரியும். போன வருஷம் ஒருவனுக்குக் கடைவாய்ப் பல்லில் பிடித்த சீழ் கழுத்துக்கு இறங்கி, மூச்சுக்குழாயை அடைத்து, நாலே நாளில் ஆளை முடித்தது. அவன் கிடந்த விரிப்பை வெந்நீரில் மூன்று தடவை அலசியவள் அவள்தான். அவளுக்கு உலகத்தில் இருப்பது இந்த ஒரு தம்பி. அவனும் ஆறு வருஷத்துக்கு முன்பு, சொல்லாமல் கொள்ளாமல், துறவியாக மலையேறிவிட்டான்.

அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

“கேக்காம கூட்டிட்டு வந்துட முடியாதும்மா. பெரியவர் உத்தரவு இல்லாம அங்க ஒருத்தரும் தும்மக்கூட மாட்டாங்க” என்றார் வண்டிக்காரர்.

“அப்ப அந்தப் பெரியவர்கிட்டயே கேக்கறேன். என்ன, கடிச்சுத் தின்னுடுவாரா?”

மடத்தில் தலைவரைப் ‘பெரியவர்’ என்றுதான் சொல்வார்கள். எப்போது எழுவது, எப்போது பேசுவது, யார் காய் நறுக்குவது, யார் கழிவறை கழுவுவது, எல்லாம் அவர் வாயிலிருந்து வரவேண்டும். தம்பி முதல் வருஷம் எழுதிய கடிதங்களில் பாதி இதே புராணம்தான். படிக்கப் படிக்க அவளுக்கு எரிச்சலாக வரும். வளர்ந்த ஆண்பிள்ளைகள், செருப்பு மாற்றுவதற்குக்கூட இன்னொருத்தர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்களாம்.

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். நல்ல வெயில். கல் கட்டடம், நீளமான ஓட்டுக் கூரை, வரிசையாக ஜன்னல்கள். அத்தனை ஜன்னலும் சாத்தியிருந்தன. படி ஏறும்போதே ஃபினாயில் நெடி மூக்கில் அடித்தது. யாரோ வாளி வாளியாகக் கொட்டியிருக்கிறார்கள். இருபது வருஷம் சலவையில் இருந்தவளுக்கு ஒன்று தெரியும்: இவ்வளவு ஃபினாயிலைச் சுத்தத்துக்காக யாரும் கொட்டமாட்டார்கள்.

அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. இனிப்பாக இருந்தது.

அக்கா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தவர் ஒல்லியான, வயதான துறவி. இடுப்பில் சாவிக்கொத்து. மடத்தில் இரண்டாவது இடம் அவருக்குத்தான். தம்பி கடிதங்களில் ‘சாவிக்காரர்’ என்று வருபவர் இவரே என்று புரிந்துகொண்டாள்.

“என் தம்பியைப் பாக்கணும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

“பெரியவர் உத்தரவு வேணும்மா.”

“எங்க இருக்கார்? நானே கேக்கறேன்.”

சாவிக்காரர் நடையின் கோடியைக் காட்டினார். “சாப்பாட்டுக் கூடத்துல இருக்கார். பதினோரு நாளா அங்கதான் இருக்கார்” என்றார்.

நடையின் பாதியிலேயே தம்பி எதிரே வந்துவிட்டான். இடது கன்னம் பளபளவென்று வீங்கி, கண்ணை மூடிவிட்டிருந்தது. வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்தில் இறங்க ஆரம்பித்திருந்தது. வாய் முழுசாகத் திறக்கவில்லை. உதட்டோரம் மஞ்சளாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. கையைத் தொட்டாள். அடுப்பாகக் கொதித்தது.

“வாடா. வண்டி நிக்குது.”

“முடியாதுக்கா.” சொற்கள் குழறி வந்தன. “நான் கேட்டேன். பெரியவர் நாளைக்குச் சொல்றேன்னார். அன்னிக்கு ராத்திரியே...” தம்பி சாவிக்காரரைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“ராத்திரியே என்னடா?”

உள்ளே மணி அடித்தது. தம்பி அவள் கையை விடுவித்துக்கொண்டு கூடத்துக்குள் போனான். அவளும் பின்னாலேயே போனாள். யாரும் தடுக்கவில்லை.

நீளமான மேஜை. இரண்டு பக்கமும் துறவிகள், சாவிக்காரரையும் சேர்த்து எண்ணி எட்டுப் பேர், ஒன்பதாவது தம்பி. மேஜையின் தலைமாட்டில் உயரமான நாற்காலி. அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

உட்காரவைக்கப்பட்டிருந்தார்.

அக்குளுக்கு அடியில் துணி கொடுத்து நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முகம் கறுத்துப் பச்சையோடி உப்பியிருந்தது. வயிறு அங்கியைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. நாற்காலிக்கு அடியில் ஒரு தட்டு. அதில் பழுப்பாக, எண்ணெய்ப் பசையாக என்னவோ தேங்கியிருந்தது. தாடியிலும் மார்பிலும் பதினோரு நாள் கஞ்சி அடுக்கடுக்காகக் காய்ந்து, அதன்மேல் இன்னும் காயாதது வழிந்து கிடந்தது. ஈக்கள் மொய்த்தன. அதில் சில அவர் வாய்க்குள் போய்விட்டு நிதானமாக வெளியே வந்தன.

அக்கா சாவு பார்க்காதவள் இல்லை. ஆனாலும் குமட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்கினாள்.

“இவர் செத்துட்டாருய்யா!”

“சத்தம் போடாதீங்கம்மா” என்று எழுந்து வந்து காதோரம் கிசுகிசுத்தார் சாவிக்காரர். “பெரியவர் இறந்துட்டார்னு சொல்ற உரிமை அடுத்த பெரியவருக்குத்தான் உண்டு. நாங்க யாரும் சொல்லக் கூடாது.”

“அடுத்தவர் யாரு?”

“அதை இவர்தான் காட்டணும். இவர் எப்பவும் தன் கையாலதான் சாப்பிடுவார். யார் கையால ஒரு வாய் வாங்கி முழுங்கறாரோ, அவர்தான் அடுத்தவர். இங்க தலைமுறை தலைமுறையா அப்படித்தான். இவர் யார் கையாலயும் வாங்கல.”

“அதனால?”

“அதனால பெரியவர் இன்னும் சாகலம்மா.”

குமாஸ்தா படிவத்தில் ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று சொல்வாரே, அந்தக் குரலில் சொன்னார். அக்காவுக்குப் பயத்தைவிட அருவருப்புதான் தூக்கலாக இருந்தது. பிணத்தின்மேல் இல்லை, பிணம் என்ன செய்யும் பாவம். இந்த ஒன்பது பேர்மேல்.

சாவிக்காரர்தான் முதலில் போனார். நடுவில் இருந்த பெரிய கஞ்சிப் பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, அந்த வாயில் வைத்துச் சாய்த்தார். கஞ்சி பல்லில் பட்டு, உதட்டோரமாக வழிந்து தாடியில் விழுந்தது. சாவிக்காரர் முகத்தில் ஒரு ஏக்கம் தெரிந்தது. சீட்டு விழாதவன் முகம். கரண்டியை மறுபடி பானைக்குள் விட்டார். அடுத்தவர் எழுந்தார். அதே கரண்டி, அதே வாய், அதே பானை. கடைசியாகத் தம்பி எழுந்து போனான். ஒரு கை மேஜையைப் பிடித்திருக்க, மறு கையால் ஊட்டினான். அவன் கையாலும் பெரியவர் விழுங்கவில்லை.

பெரியவர் வாயில் படாததை அங்கே யாரும் தொடமாட்டார்கள். அப்புறம்தான் அந்தப் பானையிலிருந்து எல்லாருக்கும் பரிமாறினார்கள். எல்லாரும் சாப்பிட்டார்கள். தம்பி வாய் திறக்காத வேதனையிலும் விரலால் உதட்டை விலக்கி உள்ளே தள்ளிக்கொண்டான்.

“துப்புடா!” அவள் கத்தினாள். “பொணத்தோட எச்சில்டா அது!”

“பெரியவர் சாகலக்கா” என்றான் அவன். திறந்திருந்த ஒற்றைக் காய்ச்சல் கண்ணில் அப்படி ஒரு பணிவு.

அதற்குமேல் அவளால் பொறுக்க முடியவில்லை. போலீசுக்குப் போகலாம்தான். கீழே போய், ஆளைக் கூட்டிக்கொண்டு மேலே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதுவரை அந்தக் கழுத்து தாங்குமா? இவன் கண் முன்னாலேயே, இது பிணம் என்று காட்டினால்தான் வருவான். விறுவிறுவென்று போய்ப் பானையிலிருந்த கரண்டியை எடுத்தாள்.

“எங்க, பொணம் திங்குதான்னு நானும் பாக்கறேன்!”

கிட்டே போனதும் இனிப்பு வாடை தொண்டைவரை இறங்கியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கரண்டியை அந்த வாய்க்குள் திணித்தாள். ஈக்கள் எழுந்தன.

“பாருடா. பாத்தியா? வழியப் போகுது பாரு.”

கஞ்சி வழியவில்லை.

கரண்டியை வெளியே இழுத்தாள். வரவில்லை. உதடுகள் அதைக் கவ்வியிருந்தன.

உப்பிய கழுத்துக்குள் ஏதோ மேலே ஏறியது. இறங்கியது.

களக்.

உதடுகள் விட்டுக்கொடுத்தன. கரண்டி கழுவி வைத்ததுபோல் சுத்தமாக வெளியே வந்தது.

நாற்காலிகள் ஒன்றாகப் பின்னுக்கு நகர்ந்தன. ஒன்பது பேரும் எழுந்து நின்று தலையைக் குனிந்தார்கள். சாவிக்காரர் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. அது பக்தியா வயிற்றெரிச்சலா என்று அவளால் சொல்ல முடியவில்லை. சாவிக்கொத்தை அவிழ்த்து இரண்டு கையாலும் நீட்டினார்.

“உத்தரவு, பெரியவரே.”

அக்காவுக்குக் கத்திக்கொண்டு ஓடத்தான் தோன்றியது. ஆனால் தம்பியின் கழுத்தைப் பார்த்தாள். இவர்களுக்குப் புரிகிற பாஷை ஒன்றே ஒன்றுதான். அதில் பேசித் தொலைத்தால் என்ன?

“இவர் செத்துட்டார். புதைங்க. என் தம்பி என்கூட வரான்” என்றாள்.

செத்துட்டார் என்ற சொல் வாயை விட்டு வந்ததும், அதற்காகவே பிடித்து வைத்திருந்ததுபோல, நாற்காலியில் இருந்தது மொத்தமாக இளகியது. கட்டியிருந்த துணி அக்குளுக்குள் பதிந்து உள்ளே போனது. தலை மார்பில் விழுந்தது. அடியில் இருந்த தட்டு நிரம்பித் தரையில் வழிந்தது. அந்த வாடையில் அக்கா வாசல் வரைக்கும் வாந்தியெடுத்துக்கொண்டே போனாள். தம்பி அவள் பின்னால் பேசாமல் நடந்து வந்தான். சாவிகளை அவள் வாங்கவில்லை.

அன்று சாயங்காலமே பல்லைப் பிடுங்கினார்கள். கழுத்தைக் கீறி எடுத்த சீழ் ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால் ஆள் இல்லை என்றார் மருத்துவர். அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதாள். தம்பியை மீட்டுவிட்டாள். அது போதும். அந்தக் கூடத்தில் கண்டது பிணத்தில் காற்று அடைத்துக்கொண்ட சங்கதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் கையைப் பத்துத் தடவை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மூன்றாம் நாள் காலையில் தாதி அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“வீக்கம் நல்லா வடிஞ்சிருச்சு. ஆனா உங்க தம்பி ஒரு வாய் சாப்பிடலையே. தண்ணிகூட இறங்கல. முழுங்க முடியாமல்லாம் இல்ல. மாட்டேங்கறாரு. ஊசியில ஏத்தறதையும் பிடுங்கிப் போடறாரு. இப்படியே போனா ஒடம்பு தாங்காது.”

தம்பி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் பழைய முகமாகியிருந்தது. மடியில் கஞ்சிக் கிண்ணம், ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் கரண்டியில் எடுத்து அவள் வாய்க்கு நேராக நீட்டினான்.

“எனக்கு வேணாம். நீ சாப்பிடுடா.”

கரண்டி அங்கேயே நின்றது. மூன்று நாள் பட்டினிக் கை.

“உன்னைக் கெஞ்சிக் கேக்கறேண்டா.”

கெஞ்சல் அவனுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. அக்கா சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலில் வெயில் அடித்தது. அருவருப்பாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தாள்.

கஞ்சி நாக்கில் படுவதற்கு முன்பே அவள் தொண்டை தானாக ஏறி இறங்கியது. அவள் விழுங்கவில்லை. உள்ளே இருந்து என்னவோ வாங்கிக்கொண்டது. அவள் மூச்சில் அந்த இனிப்பு வாடை வந்தது.

தம்பி முகம் மலர்ந்தது. அதே கரண்டியைக் கிண்ணத்தில் விட்டுக் கலக்கி, ஆவலாக, வழித்து வழித்துச் சாப்பிட்டான். கடைசி வாய்வரை சாப்பிட்டான். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தான்.

“உத்தரவு, பெரியவரே.”

“அக்கான்னு கூப்பிடுடா” என்றாள். “உன் அக்காடா நான்.”

அவன் பொறுமையாக யோசித்தான்.

“அது உத்தரவா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“ஆமாம்” என்றது, அவள் வாயிலிருந்து, ஒரு கிழவரின் குரல்.

“சரி. அக்கா” என்றான் தம்பி, தலை நிமிராமல்.