கைச்சொல்

மதியம் சாப்பிட வருவதாகப் பக்கத்து வீட்டு ரோஸ்லின் சிரித்துச் சொல்லிவிட்டுப் போனாள். பெர்பெத்துவா அவளுக்கென்று கூடுதலாக அரிசி போடவில்லை. மணிக்கட்டுக் கருவியில் தட்டி அனுப்பியிருந்தால் போட்டிருப்பாள். தூத்துக்குடியில் மட்டுமல்ல, எங்குமே இப்போது அப்படித்தான். யாருடைய குரலிலும் இயந்திரம் அச்சு அசலாகப் பேசத் தொடங்கியபின் வாய்ச்சொல் செல்லாமல் போனது. விரலால் தட்டிய கைச்சொல்லுக்கு மட்டுமே மதிப்பு. ஒருவர் தட்டும் வேகம், அழுத்தம் எல்லாம் சேர்ந்த ‘விரல்நடை’யை வைத்துக் கருவி ஆளை அடையாளம் காணும். வாயால் எல்லோரும் எல்லோரிடமும் இனிமையாகவே பேசிக்கொண்டார்கள்.

அந்தச் சின்னக் கருவிகளுக்கு விசைப்பலகை வடிவமைப்பதுதான் பெர்பெத்துவாவின் வேலை. அவளுடைய அண்ணன் சில்வெஸ்தருக்கோ கை ஒரு நிலையில் நிற்காது. துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை வழிநடத்திக் கொண்டுவந்த மனிதர்; இப்போது ‘க’வைத் தொடப் போனால் பக்கத்திலிருக்கும் எழுத்துகளும் சேர்ந்து விழுந்தன. ‘ஆள் பொருந்தவில்லை’ என்று கருவி அவரைத் தள்ளியது. மூளைக்குள் கம்பி வைத்தால் நடுக்கம் நிற்கும் என்றார்கள் மருத்துவமனையில். கைச்சொல் தர முடியாதவருக்காக நெருங்கிய உறவு சம்மதம் தரலாம். பெர்பெத்துவா தரவில்லை.

“நீயே தட்டி அனுப்பிரு பெர்பெத்து. நீ சொன்னா எனக்குச் சரிதான்,” என்றார் அண்ணன்.

“உங்க தலைண்ணே. சம்மதம் உங்க கையிலருந்துதான் வரணும்.”

அது எளிதாக இல்லை. சொல்லை ஊகித்து நிரப்பும் வசதியைச் சட்டம் தடுத்திருந்தது. இயந்திரம் முடித்துவைத்த சொல் மனிதனின் சொல் ஆகாது. விசைகளைப் பெரிதாக்கவோ, தீப்பெட்டி அளவுக் கருவியில் இடம் ஏது? மாதிரிகளைச் செய்து செய்து கழித்தாள். தம்ளரின் விளிம்பைப் பற்றியதும் அண்ணனின் விரல் சற்று அடங்குவதை ஒருநாள் பார்த்தாள். உடனே விசைகளை விளிம்பு வைத்த குட்டிப் பள்ளங்களாக மாற்றினாள். உள்ளே விரல் எவ்வளவு ஆடினாலும் சரி. எடுக்கும்போதுதான் எழுத்து விழும். விளிம்பைத் தாண்டி மேலோ கீழோ பக்கவாட்டிலோ வழித்து எடுத்தால் அதோடு உயிரெழுத்து சேரும். அவருடைய நடுக்கத்தையே அவருடைய விரல்நடையாகக் கருவிக்குப் பழக்கினாள்.

மருத்துவமனையில் டாக்டர் முபாரக் கேட்டார். “ஆபரேஷனுக்குச் சம்மதமா சார்?”

“தங்கச்சி இவ்வளவு பாடுபட்டிருக்கா. சம்மதம்தான் டாக்டர்,” என்று சிரித்தார் சில்வெஸ்தர். பிறகு குனிந்து, நிறுத்தி நிறுத்தித் தட்டினார்.

‘ஆள் பொருந்துகிறது’ என்றது திரை. அதன் கீழே எழுத்துகள் வந்தன: ‘வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு.’

புயலில் கப்பலேறிய அண்ணன் பயம் என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவர் தலை நிமிரவில்லை.

டாக்டர் அவளைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார். “நடுக்கத்துல மாறி விழுந்திருக்கும்மா. நீங்க உறவுமுறைல ஒரு வார்த்தை தட்டினாப் போதும். கை நல்லாயிரும்.”

அந்தக் கை நல்லாக வேண்டும் என்றுதான் அவளும் இத்தனை நாள் தூங்காமல் கிடந்தாள்.

“மாறி விழாது டாக்டர்,” என்றாள். “அது என் அண்ணன் சொன்னதுதான்.”

திரும்பிவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆடிக்கொண்டிருந்த கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, தன் மணிக்கட்டில் ‘சரிண்ணே’ என்று தட்டி அவருக்கு அனுப்பினாள்.