எலும்பு பிடிக்கும்வரை

காதைப் பொத்திக்கொண்டால் சத்தம் குறைய வேண்டும். அவனுக்குக் கூடியது.

குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டும்போதுதான் கவனித்தான். ஈரத்துண்டு இரண்டு காதையும் மூடியிருந்தது. குழாய் சொட்டுவது, கூடத்தில் மகள் கலர் பென்சில்களைத் தரையில் உருட்டி விளையாடுவது, கீழ்வீட்டுக்காரர் தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு வழக்கம்போல மறந்துபோன இரைச்சல் எல்லாம் ஒருசேர அமுங்க, அமுங்கிய இடத்தில் யாரோ தாழ்ந்த குரலில், நிதானமாக, எந்த அவசரமும் இல்லாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். துண்டை எடுத்தான். மோட்டார் இரைந்தது. மறுபடி மூடினான். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கண்ணாடி முன்னால் நின்று இரண்டு விரல்களையும் காதுக்குள் விட்டுக்கொண்டான். வெளியிலிருந்து வரும் சத்தமாக இருந்தால் அதோடு ஒழிந்திருக்கும். இது இன்னும் கிட்டே வந்தது. மூக்குக்குக் கீழே, மேலுதட்டுக்குப் பின்னால், புதுப்பல் ஊன்றிய இடத்தில் லேசான அதிர்வு இருந்தது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. ஆனால் அது பேச்சுதான். மூச்சு வாங்க நிறுத்தியது, பிறகு மறுபடி தொடங்கியது.

‘மயக்க ஊசியோட மிச்சம்’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஊசி போட்டு வாரக்கணக்கில் ஆகியிருந்தது.

அந்தப் பல்லுக்குக் காரணமே மகள்தான். வாலு வாலு என்று கூப்பிட்டே அவளுடைய நிஜப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என்றாகியிருந்தது. கட்டிலில் குதித்துக்கொண்டிருந்தவளைப் பிடிக்க அவன் குனிய, அவள் எழும்ப, உச்சந்தலை வந்து நேராக அவன் வாயில் மோதியது. முன்பல் வேர்வரை பிளந்துவிட்டது. வாலுவின் தலையில் ஒரு வீக்கம்கூட இல்லை. “உன் பல்லு ரொம்ப வீக்குப்பா” என்றாள்.

அவனுக்கு ஒரு விடுதியில் வரவேற்பு மேசையில் வேலை. வருகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதற்குத்தான் பாதிச் சம்பளம். பல்லைப் பிடுங்கிவிட்டு ஓட்டை ஆறும்வரை மாசக்கணக்கில் காத்திருந்தால் மேனேஜர் அவனைப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவார். பல் டாக்டர் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். கலகலப்பான பெண்; வேலை செய்யும்போதுகூட வாய் ஓயாது.

“ஒரே உட்காரல்ல முடிச்சிடலாம் சார். பழசை எடுத்த சூட்டோட சூடா அதே குழியில, பல்லு நிக்கறதுக்கான திருகை இறக்கிடுவேன். மேல தற்காலிகமா ஒரு பல்லு. சாயங்காலமே கண்ணாடி பார்த்துச் சிரிக்கலாம்.”

“கடிக்கலாமா?”

“சிரிக்கலாம்னுதான் சொன்னேன்.”

வலி இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. வேர் எலும்பை விட்டுப் பிரிகிற முறுக்கல் மண்டை முழுக்கக் கேட்டது. உப்பும் இரும்புமாக ஒரு ருசி தொண்டையில் இறங்கியது. விளக்கின் வெளிச்சம் இமையைத் தாண்டிச் சிவப்பாக உள்ளே வந்தது. திருகு இறங்கிய பிறகு டாக்டர் ஒரு சின்னக் குப்பியைத் திறந்தாள். உள்ளே வெள்ளைப் பொடி.

“குழி திருகை விடப் பெருசா இருக்கும் சார். சுத்தி இருக்கற சந்துல எலும்புத் தூள் வச்சு அடைச்சுட்டா, உங்க எலும்பு அதுக்குள்ள வளர்ந்து திருகைக் கெட்டியாப் பிடிச்சுக்கும்.”

வாய் நிறையப் பஞ்சோடு அவன் ஏதோ முனகினான். பழகியவள், புரிந்துகொண்டாள்.

“யாரோடதுன்னா கேக்கறீங்க? யாரோ புண்ணியவான் தானமாக் குடுத்தது. யாருன்னு எங்களுக்கே தெரியாது. பயப்படாதீங்க, எல்லாத்தையும் கொன்னு சுத்தம் பண்ணித்தான் அனுப்புவாங்க.” ஒரு நொடி விட்டு, “கிருமியைச் சொன்னேன்” என்றாள்.

அன்று அவனும் உள்ளுக்குள் சிரித்தான். இப்போது சிரிப்பு வரவில்லை. துண்டு இல்லாமலே சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. மேசையில் யாராவது சாவி கேட்கும்போது அவர்களுடைய பேச்சுக்கு அடியில் இன்னொரு பேச்சு ஓடியது. தலையணையில் முகம் புதைத்துப் படுத்தால் போதும், பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. கோபமான குரல் என்றால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும். அது கோபப்படவே இல்லை. சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையிடம் பேசுவது மாதிரி, கொஞ்சியது.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் நர்ஸ் வேலை, மதிய ஷிஃப்ட். அவன் வேலை முடிந்து வருவதும் அவள் கிளம்புவதும் வாசலில்தான் உரசிக்கொள்ளும்.

“என்னங்க, கண்ணு ரெண்டும் உள்ள போய்க் கிடக்கு?”

“தூக்கமே வரல.”

“போனை நோண்டிக்கிட்டே படுத்தா எப்படி வரும்? வாயைத் திறங்க பார்ப்போம்.” டார்ச் அடித்துப் பார்த்தாள். “தையல் நல்லா ஆறியிருக்கு. உங்க டாக்டர் கைராசிக்காரங்கதான்.”

சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. பல்லுக்குள் யாரோ பேசுகிறார்கள் என்றால் கட்டின பெண்டாட்டிகூட வேறு வார்டுக்குத்தான் சீட்டு எழுதுவாள். விழுங்கிக்கொண்டான்.

அன்று ராத்திரி மழை. வாலுவைத் தூங்கவைக்கப் போர்வையை இழுத்துவிட்டு, வழக்கம்போலக் குனிந்து நெற்றியில் முத்தம் கொடுத்தான். உதடு அழுந்தி, பல் அவள் நெற்றி எலும்பில் பட்டது.

வாலு கண்ணைத் திறந்தாள்.

“யாருப்பா அது?”

“எது?”

“உன் வாய்க்குள்ள இருக்கறவங்க.”

அவன் சட்டென்று நிமிர்ந்தான். “அது அப்பா மூச்சு விடுற சத்தம்டா.”

“மூச்சு ‘கண்ணு’ன்னு கூப்பிடுமா?”

வாலு இரண்டு கைகளாலும் அவன் கழுத்தைப் பிடித்து இழுத்து, நெற்றியைத் தானே அவன் வாயோடு ஒட்டிக்கொண்டாள். அப்போதுதான் அது நடந்தது. அவன் தலைக்குள் பேச்சு நின்றது. வாரக்கணக்கில் ஓயாத முணுமுணுப்பு அறுந்துபோய், மழையை மட்டும், வெறும் மழையை மட்டும் கேட்டான். கண்ணில் நீர் முட்டியது. மகளின் நெற்றியில் வாயை வைத்தபடியே அவளுடைய கட்டில் விளிம்பில் தூங்கிப்போனான்.

மறுநாளும் கொடுத்தான். அதற்கு மறுநாளும். முத்தம் கொடுத்தால் அது அவளிடம் பேசும். அவளிடம் பேசும்வரை அவனிடம் பேசாது. பேசி முடித்த திருப்தியோ என்னவோ, விடியும்வரை அடங்கியும் கிடக்கும். தெரியாமல் செய்தான் என்று யாரும் அவனுக்காகப் பரிந்து பேச வேண்டாம். தெரிந்தேதான் செய்தான். தூக்கம் அப்படி ஒரு ருசியாக இருந்தது.

“என்ன சொல்றாங்க உன்கிட்ட?” என்று ஒருநாள் கேட்டான்.

“உன்கிட்ட சொல்லக் கூடாதாம்.”

“ஏன்?”

“சொன்னா நீ அவங்களைப் பிடுங்கிப் போட்டுடுவியாம்.”

வாலு அடங்கிப்போனாள். கட்டிலில் குதிப்பது நின்றது. தட்டில் வைத்ததை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள்; ஒவ்வொரு வாயையும் ரொம்ப நேரம், ருசித்து, மென்றாள். வீட்டில் ஒரு பொருள்கூட உடையவில்லை. மனைவிக்கு முதலில் சந்தோஷம்.

பிறகு ஒருநாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாள். “நம்ம வாலுவுக்கு என்னங்க ஆச்சு?”

“வளர்ந்துட்டா. அவ்ளோதான்.”

“வளர்ந்த மாதிரி இல்ல. யாரோ சொல்லிக் குடுத்த மாதிரி இருக்கு.” அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கு அவன் முத்தம் கொடுக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டான். குரல் அவனைப் பிய்த்தெடுத்தது. பொறுக்கமுடியாமல் எழுந்து மகள் அறைக்குப் போனான்.

வாலு இருட்டில் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலை வாய்க்குள் விட்டு, முன்பற்களை ஒவ்வொன்றாக முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருந்தாள். பொறுமையாக. கடையில் காய் பொறுக்குகிறவள் மாதிரி.

“என்ன பண்ற?”

“எது லேசா வரும்னு பாக்கச் சொன்னாங்க.”

“யாரு?”

அவள் அவன் வாயைப் பார்த்தாள்.

மறுநாள் லீவு போட்டுவிட்டான். மனைவிக்கும் அன்று வாராந்தர ஓய்வு. டாக்டரிடம் போய்விட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டியவனின் குறுக்கே வாலு வந்து நின்றாள்.

“முத்தம்.”

“வந்து தர்றேன்.”

“இப்போ.”

குனியவில்லை. அவளே சோபாவின் மேல் ஏறி, கழுத்தைச் சுற்றிப் பிடித்து, நெற்றியை அவன் வாயில் அழுத்தினாள். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. தள்ளப் பார்த்தான். முடியவில்லை, அந்தச் சின்னக் கைகளில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ. ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பிறகு பிடியைத் தளர்த்தி, “போதும்ப்பா” என்று இறங்கிப்போனாள்.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாள். முகமெல்லாம் பெருமை.

“என்ன சார் எடுக்கச் சொல்றீங்க! எலும்பு கல்லு மாதிரி பிடிச்சிருக்கு. இவ்ளோ சீக்கிரம் இப்படிப் பிடிச்சு நான் பார்த்ததே இல்ல.” வாய்க்குள் விட்டுப் பார்க்கிற சின்னக் கண்ணாடியின் காம்பால் பல்லைத் தட்டினாள். டிங், டிங். “வலிக்குதா?”

“இல்ல. ஆனா வேணாம். எடுத்துடுங்க.”

“நல்லா இருக்கறதை எப்படி எடுக்கறது? உடைச்சுத்தான் எடுக்கணும். கொஞ்சம் யோசிங்க, இதோ வர்றேன்.” அடுத்த அறையில் போன் அடித்தது. போனாள்.

அவன் நாற்காலியில் சாய்ந்து கிடந்தான். ஏசி உறுமியது. வெளியே வண்டிகள் போயின. ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. என்ன என்று தெரியவில்லை. விரல்களைக் காதுக்குள் விட்டான்.

ரத்தம் ஓடும் சத்தம். வேறு எதுவும் இல்லை.

இன்னும் அழுத்தினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான். ஒன்றுமே இல்லை. போய்விட்டது! விட்டது சனி என்று வாய்விட்டுச் சிரித்தான். வரவேற்பு மேசையில்கூட அப்படிச் சிரித்ததில்லை.

போய்விட்டது.

எங்கே?

‘போதும்ப்பா.’

கழுத்தில் கட்டியிருந்த துணியோடு ஓடினான். மழை. வண்டி. சிவப்பு விளக்கு. நிற்கவில்லை. கடவுளே, என் பிள்ளையை விட்டுடு. என்கிட்டயே வந்துடு. தூங்கவே வேண்டாம். என்கிட்டயே வந்துடு. நாக்கால் பல்லைத் தள்ளித் தள்ளிப் பார்த்தான். அதிர்வில்லை. வெறும் பல்.

மனைவி கூடத்தில் படுத்திருந்தாள். டிவி ஓடிக்கொண்டிருந்தது.

“வாலு எங்க?”

“பாத்ரூம்ல. பல்லு தேய்க்கறாளாம். சொல்லாமலே போறா பாருங்க, அதிசயமா இல்ல?” கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

கதவு ஒருக்களித்திருந்தது. குழாய் ஓடியது. ரத்த வாடை. அதற்கடியில் இன்னொரு வாடை, நாள்பட்ட வாயின் வாடை.

வாலு முக்காலியில் ஏறி நின்றிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. கை எதையோ அலசிக்கொண்டிருந்தது. சோப்புப் பெட்டியில், வரிசையாக, அரிசிப் பொரி மாதிரி வெள்ளையாக, அவளுடைய பால்பற்கள். சுத்தமாகக் கழுவியிருந்தாள். கடைசியாக ஒன்றை வைத்தாள். குழாயை மூடினாள்.

அவன் தரையில் முட்டிபோட்டான்.

“வாலு. அப்பாகிட்ட வா. வாயைத் திற. அப்பா பாக்கறேன்.”

திரும்பினாள். உதடுகள் மூடியிருந்தன. முகவாயில் ரத்தம். உதடுகள் உப்பலாக இருந்தன. உள்ளே இருப்பதற்கு இடம் போதவில்லை.

“திறடா.”

திறந்தாள்.

காலியான குழிகளைப் பார்க்கப்போகிறோம் என்று மனசைத் திடப்படுத்தியிருந்தான். குழிகள் காலியாக இல்லை. நீளமான பற்கள். பெரிய ஆளின் பற்கள். பழுப்பேறி, விளிம்பு தேய்ந்து, கடைவாயில் ஒன்றில் சொத்தையைக் கறுப்பாக அடைத்து, ஒரு வாழ்நாள் முழுக்க எதையெதையோ மென்ற பற்கள். இன்னும் ரத்தம் கசியும் பிஞ்சு ஈறில், கெட்டியாக, நெருக்கமாக, ஊன்றியிருந்தன.

அவள் சிரித்தாள். இறங்கி வந்தாள். அவன் முன்னால் நின்று, நெற்றியைச் சாய்த்துக் காட்டினாள்.

அவன் அவள் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்தான். மகளின் நெற்றி, மழையில் நனைந்த மாதிரி சில்லென்று இருந்தது. வாயை வைத்தான். பல்லை எலும்போடு அழுத்தினான்.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு, ரொம்பத் தூரத்தில், ரொம்ப ஆழத்தில்:

“அப்பா.”

வாலுவின் குரல். அவளுடைய குரலேதான்.

“அப்பா, இங்க இருட்டா இருக்கு. அப்பா, யாரோ கதவைச் சாத்திட்டாங்க. அப்பா.”

“என்னங்க,” கூடத்திலிருந்து மனைவி கேட்டாள், “ரெண்டு பேரும் உள்ள என்ன பண்றீங்க?”

வாயை எடுத்தால் அந்தக் குரல் நின்றுவிடும். எடுக்கவில்லை. கண்ணீர் அவள் மூக்கில் இறங்கியது. மனைவியின் காலடி நெருங்கி வந்தது. எடுக்கவில்லை. அவனுடைய முகவாய்க்குக் கீழே, சிரித்தபடியே, அந்தப் பற்கள் ஒன்றோடொன்று மெதுவாகக் கடித்துக் கடித்துப் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தன.