தேன்மெழுகு ஆகாத வீடு

பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்த பிறகுதான், கையில் பிடிதுணி இல்லை என்பது ருக்மணிக்கு உறைத்தது. வலது கை சுரீரென்று துடித்தது. இடது கை சும்மா இருந்தது. உள்ளங்கை சிவந்திருந்தது, தோல்கூடக் கொஞ்சம் சுருங்கியிருந்தது, ஆனால் எரிச்சல் என்பது துளியும் இல்லை. யாருடைய கையையோ பார்ப்பதுபோல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடு அறையில் கொழுந்தன் பெண்டாட்டி மருதேவி வீணை வாசித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சமண வீடு, இருட்டுவதற்கு முன்பே சாப்பாடு முடிந்துவிடும். அதற்கப்புறம் படுக்கும்வரை நீளமாகக் கிடக்கும் அந்த நேரத்தில், பகலெல்லாம் வெயில் குடித்த ராஜகிரிப் பாறைகள் சூட்டை மெல்ல மெல்ல செஞ்சிக் கடைத்தெரு மேல் இறக்கும், முன்கட்டுக் கடலை மண்டியிலிருந்து மணிலாக்கொட்டைத் தோலின் புழுங்கிய வாசனை உள்ளே வரும், பஸ் ஸ்டாண்டுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கும். அப்படி அடங்கின பிறகு வீட்டில் மிஞ்சுவது அந்த வீணை மட்டும்தான். ருக்மணி அடுப்படியை விட்டு நகராமல் அதைக் கேட்டாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் தினமும் கேட்டாள்.

அந்த வீட்டில் வீணை தெரிந்தவள் அவள்தான். கல்யாணத்துக்கு முன் திண்டிவனத்தில் எட்டு வருஷம் முறையாகக் கற்றுக்கொண்டவள். மூத்த மருமகளாக வந்த புதிதில், பிறந்த வீட்டு வீணையைக் கொண்டுவரட்டுமா என்று புருஷன் குணபாலனிடம் கேட்டபோது, மண்டிக்கு நாலு பேர் வந்துபோகிற இடத்தில் டொங் டொங் என்று எதற்கு என்றான். அதோடு சரி. அந்த வீணை அவள் தங்கைக்குப் போயிற்று. இப்போது கொழுந்தன் ஸ்ரீபால், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, புதுப் பெண்டாட்டிக்குப் பண்ருட்டிப் பலாமரத்தில் தனியாக ஒரு வீணை செய்யச் சொன்னான். மருதேவிக்குப் பாட்டுதான் வரும், அதுவும் சுமாராக. ஆசைப்பட்டாளாம். ஆசைப்பட்டால் செய்து கொடுக்கிற புருஷன் வாய்த்திருக்கிறான். ருக்மணிக்கு வயிறு எரிந்தது. எரியவில்லை என்று அவள் தனக்குத்தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

வீணை செய்தது அனந்தபுரத்துத் துரைக்கண்ணு ஆசாரி. குடமும் அதிலிருந்து நீளும் தண்டியும் கடைந்து முடிந்து, மெட்டு கட்டுகிற வேலை பாக்கி இருந்தபோது ஒரு சிக்கல் வந்தது. தந்திக்கு அடியில் வரிசையாக நிற்கிற பித்தளை மெட்டுகளைத் தண்டியின் மேல் பதித்து நிறுத்துவது தேன்மெழுகு. தேனீக்கள் செத்து வருகிற பொருள் எங்கள் வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று ஸ்ரீபால் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். பல நாள் கழித்து ஆசாரி, வேறு வழி உண்டு, ஆனால் வாசிக்கிறவர்கள் கை வேண்டும், நானே வருகிறேன் என்று சொல்லியனுப்பினார்.

அவர் வந்த அன்று மருதேவி வீட்டுக்கு விலக்காகிக் கொல்லைப்புற அறையில் இருந்தாள். ஸ்ரீபால் ஆபீசுக்குப் போயிருந்தான். இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுங்கள் அண்ணி என்று காலையிலேயே ருக்மணியிடம் சொல்லிவிட்டுத்தான் போனான்.

அவள் சொல்லவில்லை. ஆசாரி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "வீணைக்காரம்மா நீங்கதான?" என்று கேட்டபோது, நெஞ்சுக்குள் என்னவோ இனித்தது. தலையை ஆட்டிவிட்டாள்.

குங்கிலியமும் ஆமணக்கெண்ணெயும் அடுப்புக்கரியும் போட்டு அரைத்த கறுப்பு உருண்டையை அவள் அடுப்பிலேயே இளக்கி, ஒரு பலகையில் பரப்பினார். கோயில் புகையும் கருகின விளக்குத்திரியும் சேர்ந்த வாசனை வீடெல்லாம் பரவியது. இடது கையை அதில் அழுத்தச் சொன்னார்.

"உங்க வூட்டுக்காரரு தேனீ உசுரு ஆவாதுன்னுட்டாரு. சரி. ஆனா குங்கிலியம் சும்மா புடிக்காதும்மா. கை வெச்சித்தான் புடிக்க வெக்கணும்."

உங்க வூட்டுக்காரரு என்று அவர் சொன்னது ஸ்ரீபாலை. அவள் திருத்தவில்லை. அந்தக் குங்கிலிய மெழுகு முதலில் இதமாக இருந்தது. பிறகு குளிர்ந்தது. குளிரக் குளிர உள்ளங்கையை யாரோ உறிஞ்சுவதுபோல் இருந்தது. எடுக்கலாமா என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் என்றார். ஒருவழியாகக் கையை உரித்து எடுத்தபோது, ரேகை ரேகையாக, நகக்கண் உட்பட, முழுக் கையும் அதில் பதிந்திருந்தது. அந்த மெழுகைத்தான் தண்டியில் வைத்து, இந்தக் கைக்கு எட்டுகிற கணக்கில் மெட்டு கட்டுவாராம்.

"தெனமும் வாசிங்க. வேற கையில மட்டும் குடுத்துடாதீங்க."

"குடுத்தா இன்னா ஆவும்?"

"எங்க நைனா குடுக்கக் கூடாதுன்னு சொல்லுவாரு. அதுக்கு மேல எனக்குத் தெரியாதும்மா" என்று பலகையைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். கை அளவு கொடுத்தாயிற்று என்று மட்டும் ருக்மணி எல்லோரிடமும் சொன்னாள். யார் கை என்று யாரும் கேட்கவில்லை. மருதேவியின் பழைய வளையலை அளவாகக் கொடுத்திருப்பாள் என்று ஸ்ரீபாலே நினைத்துக்கொண்டான்.

வீணை வந்த புதிதில் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. மருதேவிக்குச் சின்னப்பிள்ளைக் கை. விரலை எவ்வளவு நீட்டினாலும் ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் தந்தி கர்ரென்று அழுதது. ஸ்ரீபால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போவான். ருக்மணி அடுப்படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சிரித்தாள். அந்தச் சில நாட்கள் அவள் நன்றாகத் தூங்கினாள்.

பிறகு ஒரு மாலை, தந்தி அழவில்லை. ஸ்வரம் ஒன்று இழுபட்டு, போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சற்றுத் தாமதமாகப் போய், வேண்டாவெறுப்பாக உட்கார்ந்தது. அந்தத் தாமதம் ருக்மணியுடையது. திண்டிவனத்து வாத்தியார் அதற்காக எத்தனையோ முறை அவளைத் திட்டியிருக்கிறார். உலகத்தில் வேறு யாரும் அப்படி வாசித்து அவள் கேட்டதில்லை. பால் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்கியது அதற்கு மறுநாள்.

அதன்பின் கை நாளுக்கு நாள் அவளை விட்டுப் போனது. புடவைக் கொசுவம் நழுவியது. அரிசியைக் களைந்தால் தண்ணீர் குளிர்ச்சியா வெந்நீரா தெரியவில்லை. ரேகைகள் மழுங்கி, உள்ளங்கை தேய்ந்த அம்மிபோல் வழவழப்பாகிவிட்டது. மரத்துப்போன கை என்று வெளியே தெரிந்தால் ஊர் அதைப் பெருநோய் என்றுதான் சொல்லும் என்பது அவளுக்குத் தெரியும். சொன்ன மறுநாளே தட்டு தனி, பாய் தனி. யாருக்கும் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். அந்த நோய் இல்லை என்றார். வேறு என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. ஊசி ஏறின இடத்தில் ரத்தம் வரவில்லை, அதை மட்டும் அவர் இரண்டு தரம் பார்த்தார்.

வீணையை வாசித்துவிட்டால் கை திரும்பி வரும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதா, ஆசையா என்று பிரிக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் மருதேவி கிணற்றடியில் தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தபோது நடு அறைக்குள் போனாள். வீணை பாயில் கிடந்தது. அறை முழுக்கக் குங்கிலிய வாசனை. உட்கார்ந்து, குடத்தை அணைத்துக்கொண்டு, இடது கையை மெட்டுகளின் மேல் வைத்தாள்.

மாதக்கணக்கில் எதையும் உணராத விரல்களுக்கு உணர்ச்சி வந்தது. மெழுகு வெதுவெதுப்பாக இருந்தது. மெத்தென்றும் இருந்தது. அழுத்தினாள். அழுத்தின இடத்தில், அடியிலிருந்து, ஒரு விரல் நுனி அவள் விரல் நுனியைத் தொட்டது.

தொட்டது. பின்னுக்கு இழுத்துக்கொண்டது.

"அக்கா."

மருதேவி ஈரத் தலையோடு நிலைப்படியில் நின்றாள். அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. ருக்மணி வீணையைக் கீழே வைக்கவில்லை. மானத்தைப் பார்த்தால் கை போய்விடும். சொல்லிவிட்டாள்.

"இது உன் கைக்குப் பண்ணது இல்ல மருதேவி. அன்னைக்கு நான்தான் கைய வெச்சேன். குடுத்துடு. தெனம் கொஞ்ச நேரமாவது வாசிச்சிக்கிறேன்."

மருதேவி கூந்தலைத் துவட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். கோபப்படவில்லை.

"மொதல் நாளே தெரியும்க்கா. எனக்கு எட்டவே இல்ல. அப்புறம் அதுவே என் வெரல இழுத்துக்கினு போச்சு." அவள் வீணையை ருக்மணியின் மடியிலிருந்து மெதுவாகத் தூக்கினாள். "நீங்க வாசிப்பீங்கன்னு உங்க தங்கச்சி என்கிட்ட சொல்லியிருக்காங்க. எப்படி வாசிப்பீங்கன்னும் சொன்னாங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானும் அப்படி வாசிக்கணும்னுதான் எனக்கு நெனப்பு. தர மாட்டேன்க்கா."

ருக்மணி அவள் கண்ணைப் பார்த்தாள். தன் வயிற்றில் எரிந்ததே அங்கேயும் எரிந்துகொண்டிருந்தது.

அன்று மாலை சாப்பாடு முடிந்ததும் குணபாலன் மண்டியைப் பூட்டிவிட்டு நேரே நடு அறைக்கு வந்து, தம்பிக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தான். டொங் டொங் என்று சொன்ன அதே மனுஷன். ருக்மணியையும் வந்து கேட்கச் சொன்னான். கதவோரம் உட்கார்ந்தாள். இடது கையை முந்தானைக்குள் மறைத்து மடியில் வைத்துக்கொண்டாள். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் மருதேவி தொடங்கினாள்.

வாசிப்பு எழுந்தது. தாமதித்து, இழைந்து, சுற்றி, இறங்கி. குணபாலனின் தலை தானாக ஆடியது. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் அவன் எதற்கும் தலையாட்டி ருக்மணி பார்த்ததில்லை. அந்த முகம் தனக்கு வரவேண்டியது என்று நினைத்தாள். அழுகை வந்தது. ஸ்ரீபால் கண்ணை மூடிக்கொண்டான்.

மருதேவி இடது கையை வீணையிலிருந்து எடுத்தாள்.

சொம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். வலது கை மட்டும் மீட்டிக்கொண்டிருந்தது. வாசிப்பு நிற்கவில்லை. தந்திகள் ஒவ்வொன்றாகப் பள்ளம் விழுந்து மெட்டைத் தொட்டன, எழுந்தன, தொட்டன. மேலே விரல் எதுவும் இல்லை. அடியில் கறுப்பு மெழுகு புடைத்துப் புடைத்து அடங்கியது.

ருக்மணி முந்தானையை விலக்கினாள்.

ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் அவள் விரல் நுனியில் ஒரு கோடு விழுந்தது. மெல்லிய கோடு. அடுத்த ஸ்வரம். கோடு ஆழமானது. வலி இல்லை. ரத்தம் இல்லை. தோல் விலகியது. சதை விலகியது. உள்ளே கறுப்பாக, பளபளப்பாக, குங்கிலிய வாசனையோடு.

அவ்வளவு அழகாக ருக்மணி ஒருநாளும் வாசித்ததில்லை.

"இன்னொரு தபா வாசிம்மா" என்றான் குணபாலன், தலையை நிமிர்த்தாமலே.

மருதேவி ருக்மணியைப் பார்த்தாள். சொம்பைக் கீழே வைத்தாள். மீட்டினாள். ருக்மணியின் மடியில் சுண்டுவிரல் கையை விட்டுத் தனியாக உருண்டு, தரையில் விழாமல் அங்கேயே நின்று, தாளத்துக்குச் சரியாக மடங்கி மடங்கி நிமிர்ந்தது.