பத்தாவது குழி

கோல்ஃப் மைதானத்தில் ஒன்பது குழிகள் என்றுதான் துண்டுப் பிரசுரத்தில் அச்சடித்திருந்தார்கள். ராமபத்ரன் எண்ணியபோது பத்து இருந்தது.

திருவள்ளூர் கோர்ட்டில் பதினைந்து வருஷக் குமாஸ்தா. எண்ணத் தெரியாது என்று அவனை யாரும் சொல்ல முடியாது. மறுபடி எண்ணினான். ஒன்பது குழிகளுக்குப் பக்கத்தில் சிவப்புக் கொடி நட்டிருந்தது. பத்தாவதற்குக் கொடியில்லை. அது அவர்களுடைய அறைச் சன்னலுக்கு நேர் பின்னால், விளிம்பில் ஈர மண்ணோடு, சற்று முன்புதான் யாரோ தோண்டிவிட்டுப் போனதுபோல இருந்தது.

மலிவு விலைக்கு ஒரு குழி கொசுறு என்று தேற்றிக்கொண்டான்.

எழுபத்து நாலாம் வருஷம், மாசி மாதம். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, இரண்டு முறை கலைந்த பிறகு, கோமளவல்லிக்கு இப்போது ஐந்தாம் மாதம். பயத்தில் அவள் தூங்குவதே இல்லை. நல்ல காற்றும் நல்ல தூக்கமும் இல்லாவிட்டால் இதுவும் நிற்காது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். ஊட்டிக்கு வசதி போதாது. எளாவூரில் கோல்ஃப் ஓய்வில்லம் இருந்தது. ‘பசும்புல் மைதானம், வெந்நீர், ஒரு கேடி இலவசம்’ என்றது பிரசுரம்.

“தங்கறதுக்கு இடம் குடுத்து ரௌடியும் குடுக்கறாளா?” என்று கோமளம் கேட்டாள். அந்தக் கேடி இல்லை, மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறவன் என்று விளக்கினான். அவனுக்கே அது முந்தின நாள்தான் தெரியும்.

வந்து பார்த்தால் புல்லே இல்லை. வற்றிய ஏரி; குழிகளைச் சுற்றி, பழைய லாரி எண்ணெய் ஊற்றிப் பிசைந்த கறுப்பு மணல். வெந்நீர் என்பது வெயிலில் வைத்த வாளி. ஆனாலும் கோமளம் சிரித்தாள். அதற்காகவே அந்த வாளியை அவன் மன்னித்தான்.

நாலு மணிக்குக் கேடி வந்தார். வயசாளி. துண்டை முக்காடாகப் போட்டிருந்ததால் முகம் பிடிபடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. ராமபத்ரனின் முதல் அடியில் பந்து பின்பக்கம் போயிற்று. இரண்டாவது அடியில் பந்து இருந்த இடத்திலேயே இருக்க, மண் மட்டும் பறந்தது. எப்படியோ முதல் குழியில் விழுந்தது. பெரியவர் குந்தி, மணிக்கட்டுவரை கையை விட்டுப் பந்தை எடுத்தார். நாலாவது குழியில் முழங்கைவரை விட்டார். ராமபத்ரன் வேடிக்கையாகத் தானும் அதில் கையை விட்டுப் பார்த்தான். விரல் நுனிக்கே அடி தட்டியது. ஒன்பதாவதில் பெரியவர் குப்புறப் படுத்து, கன்னத்தை எண்ணெய் மணலில் பதித்து, தோள்வரை விட்டு, வெகுநேரம் துழாவினார். வேறு எதையோ தேடுவதுபோல.

வெயில் இறங்கிவிட்டது. பெரியவர் எழுந்தார்.

“வரட்டா சாமி?”

“சரி, வாப்பா.” கிளம்புகிறவரிடம் வேறென்ன சொல்வது?

அவர் கிளம்பவில்லை. “எப்போ?” என்றார்.

சும்மா இருந்திருக்கலாம். ராமபத்ரனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. “விளக்கு வெச்சப்புறம் வாயேன்!” என்று சொல்லிச் சிரித்தான். பெரியவர் தலையாட்டினார். அவர் சிரிக்கவில்லை.

அந்தி மயங்கும் வேளையில் வாட்ச்மேன் தாவீது இட்லியும் லாந்தரும் கொண்டுவந்தான். கோமளத்துக்குக் கேட்காமல் ராமபத்ரனை சைக்கிளண்டை அழைத்தான்.

“மன்னிச்சிக்கோங்க சாமி. கேடிக்கு மூணு நாளா ஜொரம், ஊட்டாண்ட படுத்துக்கினு கீறான். தனியாவா ஆடிக்கினு இருந்தீங்க?”

ராமபத்ரன் ஒன்பதாவது குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

“இன்னொண்ணு. இந்தக் கிரவுண்டுல நின்னுக்கினு யாருனா ‘வரட்டா’ன்னு கேட்டா, ‘வா’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. ‘போ’ன்னு சொல்லணும்.”

“சொல்லிட்டா?”

தாவீது சைக்கிளில் ஏறினான். “நான் போறேன் சாமி” என்றான். வரேன் என்று சொல்லவில்லை.

உள்ளே கோமளம் தூங்கிப்போயிருந்தாள். பதினைந்து நாளில் முதல் நிஜமான தூக்கம். எழுப்பிச் சொல்லலாம். சொன்னால் அவள் இனி தூங்கமாட்டாள். சொல்லவில்லை. கதவைத் தாழிட்டான், அதன்மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான், ஆந்திர எல்லைச் செக்போஸ்ட் பக்கம் லாரிகள் முனகுவதையும், லாந்தர்த் திரி படபடப்பதையும், அவள் மூச்சு சீராக ஏறி இறங்குவதையும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தான். வெள்ளைப் போர்வைக்கடியில் அவள் வயிறு சின்னதாக, உருண்டையாக மேடிட்டிருந்தது.

பிறகு லாரிச் சத்தம் நின்றது.

இரும்பு மட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம். கிணிங். கிணிங். மெதுவாக. கதவிடுக்கில் பழைய எண்ணெய் வாடை. ஈர மண் வாடை.

“வரட்டா சாமி?”

முதுகுக்கு நேர் பின்னால். கதவுப் பலகைக்கு அப்பால்.

“போ.” இன்னொரு முறை. “போ! போயிடு!”

கிணிங். தள்ளி. இன்னும் தள்ளி. இல்லை.

ராமபத்ரனுக்குச் சிரிப்பு வந்தது. இதை ஆபீசில் சொன்னால் ஓய்வுபெறும்வரை கேலி செய்வார்கள். செய்யட்டும். விடிந்ததும் முதல் ரயில். வீரராகவப் பெருமாளுக்கு ஒரு அர்ச்சனை.

பின் சன்னலில், வெகு மிருதுவாக, தூங்குகிறவளை எழுப்பக் கூசுகிற குரல்.

“வரட்டாம்மா?”

“கோமளம்! பேசா—”

அவள் கண் திறக்கவில்லை. தூக்கத்திலேயே புரண்டு மல்லாந்தாள். பிறந்ததிலிருந்து வாயில் ஊறிய மரியாதை.

“சரி... வாப்பா.”

சன்னல் அசையவில்லை. கதவு அசையவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில், சிமெண்ட் தரையில், ஈர மண் விளிம்போடு வட்டமாக ஒரு குழி இருந்தது. அதிலிருந்து ஒரு கை. மணிக்கட்டு. முழங்கை. தோள். எண்ணெயில் கறுத்த விரல்கள் கட்டில் சட்டத்தைத் தடவின, போர்வை நுனியைத் தடவின, அவசரமே இல்லாமல் மேலே ஏறின, உருண்டையாக இருந்ததைக் கண்டுகொண்டு, அதன்மேல் மெல்லக் குவிந்தன.